தையில் ஏற்றும் உலை: லோயர் கேம்ப் வீடுகளின் குளிர்கால வழக்கங்களும் பென்னிகுயிக்கும்

1. கேள்வி

பொங்கலைப் பற்றி எழுதுகிறவர்களிடம் ஆயத்தமாக ஒரு விளக்கம் இருக்கிறது. அது அறுவடைத் திருநாள். புதுநெல் வீட்டுக்கு வந்த மகிழ்ச்சியில் உழவர்கள் கதிரவனுக்கும் மாட்டுக்கும் நன்றி செலுத்துகிறார்கள் என்பதே அந்த விளக்கம். காவிரிப் படுகைக்கு இது பொருந்தும். குமுளி மலைச்சாலை ஏறத் தொடங்கும் அடிவாரத்தில், தேனி மாவட்டத்தின் எல்லையோரமாக இருக்கும் லோயர் கேம்ப்புக்குப் பொருந்தாது. கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களில் தை முதல் நாள் நிற்பது முற்றிய கதிர் அன்று. வேர்பிடித்து வளரும் இளம்பயிர். அந்த நாளையொட்டி இவ்வூர்ப் பெண்கள் ஏற்றும் உலை கதிரவனுக்கு மட்டும் உரியதாகவும் இல்லை. 1841 ஜனவரி 15இல் புனேயில் பிறந்து, 1911 மார்ச் 9இல் இங்கிலாந்தின் கேம்பர்லியில் இறந்த ஜான் பென்னிகுயிக்குக்கும் இங்கே பொங்கல் வைக்கிறார்கள்.

ஒரு பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் தமிழ் வீட்டின் பண்டிகைக்குள் எப்படி இடம்பிடித்தார் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. வழக்கமாகச் சொல்லப்படும் விடைகள் இரண்டு. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டித் தந்தவருக்கு மக்கள் காட்டும் நன்றி என்பது ஒன்று. அதன் நீர்மட்டம் குறித்துக் கேரளத்துடனான வழக்கு சூடுபிடித்த பிறகு அரசியல் உருவாக்கிய அடையாளம் என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. மார்கழி, தை மாதங்களில் இங்குள்ள குடும்பம் எப்போது எழுகிறது, வாசலில் எதைக் கட்டுகிறது, யாரை நினைத்து உலை ஏற்றுகிறது என்பதில் அணைநீரின் பங்கு பெரிது. அந்த நீர்க்கணக்கின் வழியாகத்தான் பென்னிகுயிக் வீட்டுக்குள் வந்தார் என்பது என் வாதம்.

2. மார்கழி விடியல்

பள்ளிப் பிள்ளைகளுக்குக் குளிர்கால விடுமுறை இரண்டு தவணையாக வருகிறது. அரையாண்டுத் தேர்வு முடிந்து டிசம்பர் கடைசி வாரம் தொடங்கி ஆங்கிலப் புத்தாண்டு வரை ஒன்று. ஜனவரி நடுவில் பொங்கல் விடுமுறை மற்றொன்று. பெரியவர்களுக்கு முதல் தவணை விடுமுறையே அல்ல. கூடலூர், லோயர் கேம்ப், கம்பம் பகுதியிலிருந்து இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகும் பெண்களுக்கு மார்கழி என்பது காய் பறிப்பு இன்னும் ஓயாத காலம். விடிந்தும் விடியாத பொழுதில் ஜீப் வந்து நிற்கும். அதற்குள் சோறு வடித்து, தூக்குவாளியில் அடைத்து, தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு தெருமுனைக்கு வந்துவிட வேண்டும்.

மார்கழி மாதத்தில் விடியலுக்கு முன் எழுவதைப் பக்தியின் அடையாளமாகவே நம் பண்பாட்டு எழுத்து சித்திரித்து வந்திருக்கிறது. லோயர் கேம்ப்பின் தோட்டத் தொழிலாளி வீட்டில் ஆண்டு முழுவதும் அந்த நேரத்துக்குத்தான் எழுகிறார்கள். மார்கழியில் கூடுதலாகச் சேர்வது கோலம். விடுமுறை நாட்களில் அந்தப் பொறுப்பு பெரும்பாலும் வீட்டின் பெண்பிள்ளைக்குப் போகிறது. அம்மா அடுப்படியில் நிற்க, மகள் வாசல் தெளித்து, முந்தின நாளே ஒத்திகை பார்த்துவைத்த புள்ளிக்கோலத்தை இழுப்பாள். சாணப் பிள்ளையார் பிடித்துப் பூசணிப்பூ செருகுவது தம்பி தங்கைகளின் வேலை. ஜீப்பில் ஏறும் தாய் வண்டியிலிருந்தபடியே மகளின் கோலத்தைப் பார்த்துவிட்டுத்தான் போவாள். குடும்ப வழக்கம் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்கு உபதேசத்தால் போவதில்லை. கைமாற்றிவிடும் வேலையாகத்தான் போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இதே மாதங்களில் ஊர்ச்சாலை ஐயப்ப பக்தர்களுடையதாகிவிடும். கார்த்திகை முதல் நாள் தொடங்கி மகரவிளக்கு வரை வாகனங்கள் நிற்காமல் ஓடும். நெரிசல் கூடினால் சபரிமலைக்குப் போகும் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாக ஏற்றிவிட்டு, திரும்பும் வண்டிகளைக் குமுளி, லோயர் கேம்ப் வழியாக இறக்குவார்கள். உள்ளூரிலும் மாலை போடுகிறவர்கள் உண்டு. வீட்டில் ஒருவர் மாலை போட்டால் அடுப்படியும் சேர்ந்தே மாலை போட்டதாகிவிடும்; கவிச்சி நின்றுபோகும். கத்தோலிக்கக் குடும்பங்கள் நிறைந்த இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டிப் பக்கம் வாசல்களில் நட்சத்திர விளக்குகள் தொங்கும். பிள்ளைகள் களிமண்ணும் வைக்கோலும் கொண்டு குடில் கட்டுவார்கள். இவற்றைப் பற்றித் தனியே எழுத வேண்டும். இக்கட்டுரை தையை நோக்கிப் போகிறது.

3. அறுவடைக்கு முந்திய பொங்கல்

கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலம். பெரியாற்றின் குறுக்கே மலைக்குமேல் கட்டிய அணையிலிருந்து வரும் நீர், தேக்கடியிலிருந்து சுரங்கம் வழியாக மலைமுகட்டைத் துளைத்துக்கொண்டு இப்பக்கம் வருகிறது. ராட்சதக் குழாய்களில் இறங்கி லோயர் கேம்ப்பின் பெரியாறு மின்நிலையத்தில் நான்கு மின்னாக்கிகளைச் சுழற்றுகிறது. மின்நிலையம் வருவதற்கு முன் இரைச்சல் பாலம் வழியாகவே நீர் கொட்டியது. குழாய்ப்பாதை அடைபடும்போது இப்போதும் அவ்வழியே திறந்துவிடுகிறார்கள். பிறகு அது வைரவனாறாக, சுருளியாறாக, கடைசியில் வைகையாக ஓடுகிறது.

நீர் நிறைந்த ஆண்டுகளில் ஜூன் முதல் தேதி முதல்போகத்துக்குத் திறப்பார்கள். அந்தப் பயிர் ஐப்பசி, கார்த்திகையில் அறுவடையாகும். நிலத்தை மறுபடி உழுது, இரண்டாம்போகத்துக்கு நாற்று நடுவது கார்த்திகை, மார்கழி மாதங்களில். அந்த அறுவடை பங்குனி, சித்திரைக்குப் போய்விடும். ஆக, தை பிறக்கும்போது பள்ளத்தாக்கு இரண்டு அறுவடைகளுக்கு நடுவே நிற்கிறது. ஒரு போகத்து நெல் குதிரில் இருக்கிறது. மறுபோகத்துப் பயிர் வாய்க்கால் நீரை எதிர்பார்த்து வயலில் நிற்கிறது.

இந்த நிலை பண்டிகைச் சடங்குகளின் பொருளையே மாற்றுகிறது. காப்புக்கட்டை எடுத்துக்கொள்வோம். போகியன்று கண்ணுப்பிள்ளைப் பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்துக் கொத்தாகக் கட்டி வீட்டு நிலை, மாட்டுத்தொழு, கிணற்றடி, வயல்மூலை எங்கும் செருகுவது மேற்கு மாவட்டங்களிலும் மதுரை, தேனிப் பக்கங்களிலும் பரவலான வழக்கம். கண்ணுப்பிள்ளையை வரப்போரங்களிலும் தரிசுகளிலும் பறித்துவர விடுமுறையிலிருக்கும் பிள்ளைகளைத்தான் அனுப்புவார்கள். நகரத்தில் இருப்பவர்கள் சந்தையில் கட்டாக வாங்கிக்கொள்கிறார்கள். அறுத்து முடித்த வயலில் கட்டும் காப்புக்கும், பயிர் நிற்கும் வயலில் கட்டும் காப்புக்கும் வேறுபாடு இருக்கிறது. முன்னது விளைந்ததற்கான மங்கலம். பின்னது இனி விளைய வேண்டியதற்கான காவல். கம்பம் பள்ளத்தாக்கின் காப்பு இரண்டாம் வகை. இங்கே தைத்திருநாளில் நன்றியைவிட வேண்டுதல் ஒருபடி கூடுதலாக இருக்கிறது.

மாட்டுப் பொங்கலிலும் இதைக் காணலாம். கம்பத்தில் நந்தகோபாலன் தம்பிரான் மாட்டுத்தொழு இருக்கிறது. அன்று சுற்றுவட்டார மக்கள் குடும்பத்தோடு வந்து, பட்டத்துக்காளையை வணங்கி, கரும்பும் கீரையும் வாங்கி மாடுகளுக்கு ஊட்டுவார்கள். சொந்த மாடு இல்லாத வீடுகள் பெருகிவிட்ட காலத்தில், ஊருக்குப் பொதுவான தொழு அந்தக் குறையை நிரப்புகிறது. பிள்ளைகள் மாட்டைத் தொட்டுப் பார்ப்பதே அந்த ஒருநாள்தான் என்றாகிவிட்ட குடும்பங்களும் உண்டு.

இனிப் பானைக்கு வருவோம். வாசலில் மூன்று கற்களோ செங்கற்களோ கூட்டி, பானைக் கழுத்தில் மஞ்சள் கொத்தைக் கட்டி, இருபுறமும் கரும்பை நிறுத்துகிறார்கள். கரும்பு பெரும்பாலும் சின்னமனூர்ப் பக்கத்தில் விளைவது. அரிசி களைந்த நீரையே உலையாக ஊற்றுவார்கள். பால் சேர்ந்து நுரைத்து ஏறும்போது எல்லாக் கண்ணும் பானை விளிம்பில் இருக்கும். கிழக்கே வழிந்தால் நல்லது என்பது நம்பிக்கை. அதற்காகப் பானையைச் சற்றே சாய்த்து வைக்கும் கையும் உண்டு. பொங்கி வழிந்ததும் குலவை. அதன்பிறகுதான் அரிசியும் மண்டைவெல்லமும் உள்ளே போகின்றன. பானைக்குள் முதலில் சென்று, முதலில் பொங்குவது நீர். லோயர் கேம்ப்பில் அந்த நீர் ஆண்டுதோறும் எங்கிருந்து வருகிறது என்று குழந்தைக்கும் தெரியும். தலை நிமிர்ந்தால் மலைச்சரிவில் குழாய்கள் தெரிகின்றன.

இரண்டாம்போகத்துக்கு நீர் திறந்திருப்பதால் தை மாதத்தில் ஆறு ஓடிக்கொண்டிருக்கும், மின்னாக்கிகளும் சுழலும். பாசனத்துக்குத் திறந்தால்தான் மின்னுற்பத்தி என்பது இந்த நிலையத்தின் அமைப்பு. எனவே மின்வாரியக் குடியிருப்பில் பொங்கலன்றும் யாராவது ஒருவர் முறைப்பணிக்குப் போயிருப்பார். வெளிமாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய அந்தக் குடும்பங்கள் தத்தம் ஊர் வழக்கத்தோடு பானை வைத்தாலும், அவர்களுடைய திருநாளும் நீர்த்திறப்போடு பிணைந்ததுதான்.

4. அணையின் வரலாறு

மேற்கே ஓடும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாம் என்ற எண்ணம் பென்னிகுயிக்குடையது அன்று. 1789இல் ராமநாதபுரம் முத்துராமலிங்க சேதுபதியின் பிரதானி முத்திருளப்பிள்ளை இதற்காக மலைக்கு ஆட்களை அனுப்பிப் பார்த்தார். செலவு தாங்காது என்று கைவிடப்பட்டது. 1808இல் ஆய்வு செய்த கேப்டன் கால்டுவெல் இது நடவாத காரியம் என்று எழுதிவிட்டார். 1876 முதல் 1878 வரையிலான பெரும்பஞ்சம் தென்மாவட்டங்களைச் சூறையாடிய பிறகுதான் சென்னை மாகாண அரசு மும்முரமாயிற்று. திருவிதாங்கூருடன் 1886 அக்டோபர் 29இல் 999 ஆண்டுக் குத்தகை கையெழுத்தானது. 1887இல் தொடங்கிய வேலை, அடித்தளம் வெள்ளத்தில் அடித்துப் போவதும் மீண்டும் கட்டுவதுமாக நீண்டு, 1895 அக்டோபர் 10இல் ஆளுநர் வென்லாக் திறந்துவைத்ததில் முடிந்தது. திட்டத்தில் பணிபுரிந்த ஏ. டி. மெக்கன்சி 1899இல் வெளியிட்ட வரலாறு இதன் தொழில்நுட்ப விவரங்களை விரிவாகப் பதிந்திருக்கிறது.

ஏகாதிபத்தியம் இதைக் கருணையினால் செய்யவில்லை. நிலவரி வருவாய், பஞ்ச நிவாரணச் செலவைக் குறைத்தல் என்ற கணக்குகள் இருந்தன. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அரசின் நோக்கம் எதுவாயினும், வாய்க்காலில் வந்த நீர் நீர்தான். பள்ளத்தாக்கு இருபோக நாடானது அதன் பிறகே.

5. நகை விற்ற கதை

பள்ளத்தாக்கு வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை மெக்கன்சியின் நூலிலுள்ள வரலாறு அன்று. பாதி கட்டிய அணையை வெள்ளம் கொண்டுபோனது. வெள்ளைக்கார அரசாங்கம் இனிப் பணம் தர மாட்டோம் என்றது. துரை சீமைக்குப் போய்த் தன் சொத்தையும் மனைவியின் நகையையும் விற்றுக் கொண்டுவந்து அணையைக் கட்டி முடித்தார். மேடைகளிலும் பாடங்களிலும் இக்கதை இன்று உண்மையாகவே சொல்லப்படுகிறது.

வெள்ளம் உண்மை. நகையும் சொத்தும் விற்ற செய்திக்கு ஆவணச் சான்று முன்வைக்கப்பட்டதில்லை. அணை சென்னை மாகாண அரசின் செலவில் கட்டப்பட்டது. ஆய்வாளர் இதைத் தயங்காமல் சொல்ல வேண்டும். அதோடு கதையைத் தள்ளிவிட்டுப் போவது, அது ஏன் இந்த வடிவத்தில் பிறந்தது என்ற கேள்வியைத் தவறவிடுவதாகும்.

நடவுக்கு முன் நெல் விவசாயி வீட்டில் என்ன நடக்கிறது? உழவுக்கும் நடவுக்கும் கையில் காசு இருக்காது. மனைவியின் கழுத்திலோ காதிலோ கிடப்பது கூட்டுறவு வங்கிக்கோ அடகுக் கடைக்கோ போகும். அறுவடையானதும் மீட்க வேண்டும். வெள்ளாமை பொய்த்தால் நகை முழுகிப்போகும். போகத்துக்குப் போகம் நடக்கும் இந்த இழப்பையும் நம்பிக்கையையும் ஒவ்வொரு குடும்பமும் அறியும். அணைக்காக நகை விற்ற துரையின் கதையில் அக்குடும்பங்கள் தங்கள் வீட்டையே அடையாளம் காண்கின்றன. பென்னிகுயிக்கை அவர்கள் அரசதிகாரியாக நினைவில் வைக்கவில்லை. வெள்ளாமைக்காக நகையை இழந்த ஒரு குடும்பத்தலைவராக, தங்களில் ஒருவராக ஆக்கிக்கொண்டார்கள். நகையைக் கழற்றிக் கொடுத்த மனைவியும் அக்கதையில் இருக்கிறாள் என்பது முக்கியம். பானை வைக்கும் பெண்கள் சொல்லும் கதையில் அவள் இல்லாமல் இருக்க முடியாது.

அயலவரைத் தெய்வநிலைக்கு உயர்த்துவது தென்னிந்தியாவுக்குப் புதிதில்லை. கோதாவரிப் படுகையில் தௌலேசுவரம் அணைக்கட்டைக் கட்டிய ஆர்தர் காட்டனைப் போற்றுவது தெலுங்கு உழவர் வழக்கம். ராயலசீமையில் தாமஸ் மன்றோவைப் பற்றி வழங்கும் கதைகள் ஏராளம். லோயர் கேம்ப்பின் தனித்தன்மை, ஆண்டின் முதன்மையான வீட்டுச் சமையலோடு பென்னிகுயிக்கின் நினைவு கலந்ததில் இருக்கிறது.

6. ஜனவரி 15

பொங்கலும் பென்னிகுயிக் பிறந்தநாளும் ஒன்றாக வருவதைத் தெய்வச்செயலாகக் கருதுவோர் உண்டு. 2023, 2024, 2026 ஆண்டுகளில் தை முதல் நாள் ஜனவரி 15இலேயே விழுந்தது. 2021, 2022, 2025 போல 14இல் விழுந்த ஆண்டுகளில் மாட்டுப் பொங்கல் 15 ஆகிறது. எப்படியும் அவருடைய பிறந்தநாள் பொங்கல் நாட்களுக்குள் வந்துவிடுகிறது.

ஆனால் இந்தப் பொருத்தம் எப்போதும் இருந்ததில்லை. தமிழ் ஆண்டு நட்சத்திரங்களை வைத்துக் கணிக்கப்படுவது. ஆங்கில ஆண்டு பருவங்களை வைத்துக் கணிக்கப்படுவது. அதனால் தை முதல் நாள் ஆங்கில நாட்காட்டியில் ஏறத்தாழ 70 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் பின்தள்ளிக்கொண்டே போகிறது. விவேகானந்தர் 1863 ஜனவரி 12இல், மகர சங்கராந்தி நாளில் பிறந்தவர் என்பது பலரும் அறிந்தது. அதற்கு 22 ஆண்டுகளுக்கு முன், பென்னிகுயிக் பிறந்தபோது தை மாதம் பிறந்து மூன்று நாளாவது கழிந்திருக்கும். அணை திறந்ததற்கு அடுத்து வந்த 1896 பொங்கலும் ஜனவரி 12 அல்லது 13இல்தான். ஆகவே அணைநீரில் முதலில் பயிரிட்ட தலைமுறைக்கு இந்த ஒற்றுமை கண்ணில் பட்டிருக்க வாய்ப்பில்லை. அவர்களுக்கு ஆங்கிலத் தேதியில் பிறந்தநாள் கொண்டாடும் வழக்கமும் கிடையாது.

பொங்கலோடு சேர்ந்த பிறந்தநாள் விழா அண்மைக்காலத்தில்தான் சாத்தியமாயிற்று என்று இதிலிருந்து முடிவுக்கு வரலாம். நினைவு அதைவிடப் பழையது.

7. 2011க்கு முன்னும் பின்னும்

இரண்டாவது விடையை, அதாவது இது அரசியல் உருவாக்கிய வழக்கம் என்பதை, இப்போது எடைபோடலாம். பழமையானவை என்று நாம் நம்பும் பல வழக்கங்கள் அண்மையில் உருவாக்கப்பட்டவை என்பதை எரிக் ஹாப்ஸ்பாமும் டெரன்ஸ் ரேஞ்சரும் தொகுத்த 1983ஆம் ஆண்டு நூல் உலகுக்கு எடுத்துக்காட்டியது. அந்த அளவுகோலை இங்கே வைத்துப் பார்க்கலாம்.

152 அடி வரை தேக்கிய அணையின் நீர்மட்டம் பாதுகாப்புக் காரணம் காட்டி 1979இல் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. இரண்டாம்போகம் நிச்சயமற்றுப் போனது என்பது அன்று முதல் பள்ளத்தாக்கு உழவர்களின் முறையீடு. 142 அடிக்கு உயர்த்தலாம் என்று 2006 பிப்ரவரி 27இல் உச்ச நீதிமன்றம் கூறியது. கேரளம் சட்டம் இயற்றித் தடுத்தது. 2011 டிசம்பரில் கொந்தளிப்பு உச்சத்துக்குப் போனது. கம்பம், கூடலூரிலிருந்து பல்லாயிரக்கணக்கானோர் லோயர் கேம்ப் வழியாகக் குமுளி எல்லையை நோக்கித் திரண்டார்கள். எல்லைச் சாலை மூடப்பட்டது. தோட்டத்துக்கு ஜீப் போகவில்லை. அந்த ஆண்டின் மார்கழி இப்பகுதிப் பிள்ளைகளுக்கு ஊரடங்கும் ஊர்வலமுமாகக் கழிந்தது. அதை அடுத்து, 2013 ஜனவரி 15இல் லோயர் கேம்ப்பில் பென்னிகுயிக் மணிமண்டபத்தை அன்றைய முதல்வர் ஜெயலலிதா திறந்துவைத்தார். 2014 மே 7இல் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு 142 அடியை மீண்டும் உறுதிசெய்தது. இன்று ஜனவரி 15 அரசு விழா. 2022 செப்டம்பரில் கேம்பர்லியிலும் தமிழ்நாடு அரசு அவருக்குச் சிலை வைத்தது.

இந்த வரிசையைப் பார்த்தால் அரசியல் விளக்கம் வலுவாகவே தெரிகிறது. மணிமண்டபத்துக்கு முன் வரிசையாகப் பானை வைத்துப் பொங்கும் காட்சிக்கு 2013க்குப் பிந்திய வயதுதான். மாவட்ட அதிகாரிகள் மாலை அணிவிப்பது, உழவர் சங்கங்கள் ஊர்வலமாக வருவது எல்லாம் அதனுடன் சேர்ந்தவை.

எனினும் இரண்டு செய்திகள் இவ்விளக்கத்துக்குள் அடங்கவில்லை. ஒன்று, தேனி மாவட்டத்துப் பாலார்பட்டியில் ஊர் கூடிப் பென்னிகுயிக்குக்குப் பொங்கல் வைக்கும் வழக்கம் மணிமண்டபத்துக்கு முந்தியது. மற்றொன்று பெயர்கள். பென்னிகுயிக் என்று பிள்ளைக்குப் பெயர் வைப்பது அண்மை அலையாக இருக்கலாம். ஆனால் பள்ளத்தாக்கில் முதியவர்களிடையே லோகந்துரை என்ற பெயர் வழங்குகிறது. அணை வேலையில் இருந்த லோகன் என்ற ஆங்கிலேயப் பொறியாளரின் நினைவாக வைத்தது என்கிறார்கள். லோகனுக்கு மணிமண்டபம் இல்லை, கட்சி இல்லை, அரசு விழா இல்லை. எந்த மேடையும் சொல்லித்தராமல் ஒரு குடும்பம் தன் பிள்ளைக்கு அவர் பெயரை வைத்திருக்கிறது. பெயர் வைப்பதும் உலை ஏற்றுவதும் வீட்டின் செயல்கள். அரசியல் 2011க்குப் பிறகு பயன்படுத்திக்கொண்டது ஏற்கெனவே வீட்டுக்குள் இருந்த நினைவைத்தான். அதற்கு ஒரு மண்டபத்தையும் தேதியையும் கொடுத்தது.

தொ. பரமசிவன் பொங்கலைப் பற்றி எழுதும்போது, குடும்பத்தில் சாவு நேர்ந்தாலும் விட்டுவிடாத திருநாள் அது என்பதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார். தீட்டு இல்லாத பண்டிகை என்பதால், கோயில் விதிகளுக்குக் கட்டுப்படாத ஒருவரை அதில் சேர்த்துக்கொள்வது எளிது. பென்னிகுயிக்குக்குப் பூசாரி தேவையில்லை. எந்தச் சாதிப் பெண்ணும், எந்த மதத்தவரும் அவர் பெயரால் அடுப்பு மூட்டலாம். அவரைக் குலதெய்வமாக்க எந்தச் சாதியும் முயலாதது இப்பள்ளத்தாக்கின் நல்லூழ் என்றே கருதுகிறேன்.

8. விடுபட்டவர்கள்

இந்த வழக்கத்தின் மீது எனக்குள்ள பெருமதிப்போடுதான் அதன் குறையையும் சொல்கிறேன். ஒருவரை நினைக்கும்போது மற்றவர்கள் மறைந்துபோகிறார்கள். அணை வேலையில் காலராவுக்கும் மலைக்காய்ச்சலுக்கும் பலியான தொழிலாளர்கள் நானூறுக்கும் மேல். அவர்களைப் புதைத்த இடம் அணைக்கருகே காட்டுக்குள் இருக்கிறது. கல் சுமந்தவர்கள், சுண்ணாம்பும் சுர்க்கி என்னும் செங்கற்பொடியும் அரைத்தவர்கள், பாதை தெரிந்த பளியர் பழங்குடியினர் ஆகியோருக்கு எந்த வீட்டிலும் படம் இல்லை. முத்திருளப்பிள்ளை பெயர் வீட்டுக் கதையில் வருவதில்லை.

எல்லைக்கு அப்பாலும் வீடுகள் இருக்கின்றன. வடகிழக்குப் பருவமழையில் அணை நிறையும்போது இப்பக்கம் மகிழ்கிறோம். வண்டிப்பெரியாறு, வல்லக்கடவுப் பகுதிக் குடும்பங்கள் அதே வாரங்களில் அச்சத்தோடு படுக்கின்றன. அவர்களிலும் கணிசமானோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள். அணை வலுவாக இருக்கிறது என்ற தீர்ப்பை நான் ஏற்கிறேன். அந்த அச்சத்தை ஏளனம் செய்வதை ஏற்க மாட்டேன்.

ஜனவரி 15 அன்று மணிமண்டபத்துக்குப் பானையோடு போகும் குடும்பங்கள் அடுத்த தையில் இன்னொரு பானையும் வைக்க வேண்டும். அது அணைக்கட்டில் மாண்டவர்களுக்காக. அவர்களுடைய பெயர்களை ஆவணங்களில் தேடியெடுத்து மண்டபச் சுவரில் பொறிப்பது அரசின் கடமை. உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி போன்ற உள்ளூர்க் கல்லூரிகளின் தமிழ், வரலாற்றுத் துறைகள் மாணவர்களை இந்தப் பொங்கல் விடுமுறையிலேயே அவரவர் வீட்டு முதியவர்களிடம் அனுப்பலாம். காப்புக்கட்டு முதல் லோகந்துரை வரை, துரை நகை விற்ற கதையின் எல்லா வடிவங்களோடும் பதிவு செய்யட்டும். ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பேறிய முதல் தலைமுறைப் பெண்கள் இப்போது எழுபதைக் கடந்துவிட்டார்கள். அவர்களிடம் கேட்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.